நத்தார் கேக் ஓடர் 50 கிலோ: வீட்டு ஓவன் ஒண்டு காணுமோ?

குருநகர்க் குசினி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த முறை நத்தாருக்கு ரிச் கேக் (ரவையும் பழவகையும் கஜுவும் போட்ட நத்தார் கேக்) ஓடர் எடுக்க யோசிக்கிறன். இருக்கிறது 45 லீற்றர் மின்சார ஓவன் ஒண்டு. பன்னிரண்டுக்குப் பத்து அங்குலத் தட்டம் ஒண்டுதான் ஒரு தடவைக்கு உள்ளே போகும். கேட்டிருக்கிறவையைக் கூட்டிப் பார்த்தால் 50 கிலோ வரை வருது. பாதிப்பேர் வெளிநாட்டிலயிருந்து இங்க இருக்கிற அம்மா அப்பாவுக்குக் குடுக்கச் சொல்லிக் கேட்டவை.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். ஒரு ஓவனில 50 கிலோ முடியுமோ? எப்ப தொடங்க வேணும்? நடுவில வேகாமல் களி மாதிரி நிக்கிறதுக்கும், வெட்டேக்குள்ள உதிருறதுக்கும் என்ன காரணம்? விலையை எப்பிடிக் கணக்குப் போடுறது? மாரி நாளில பூஞ்சணம் பிடிக்காமல் எத்தனை நாள் வைக்கலாம்? அனுபவமுள்ளவை அளவோட சொன்னால் பெரிய உதவி.


ஈர்க்கு எழுதியது:

தங்கச்சி, ஓவன் காணும். கைதான் காணாது. அதை முதலில விளங்கிக்கொள்ளுங்கோ, மிச்சமெல்லாம் பிறகு.

நீங்கள் சொன்ன தட்டத்துக்குச் சரியான அளவு இது. ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 500 கிராம், முட்டை மஞ்சள்கரு 12, வெள்ளைக்கரு 6. சுல்தானா 500, பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) 250, செரி 200, பூசணித் தோசி (சீனிப் பாகில வத்த விட்ட நீற்றுப்பூசணி) 500, சௌ சௌ பாகு 250, இஞ்சிப் பாகு 200, தோடந்தோல் பாகு 100, எல்லாம் கிராமில. பழவகை மட்டும் சரியா 2 கிலோ. கஜு (முந்திரிப்பருப்பு) 350 கிராம். தேன் கால் கோப்பை, பிரண்டி அரைக் கோப்பை. ரோஸ் எசன்ஸ், வனிலா, அல்மன்ட் எசன்ஸ், ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய் கைக்கணக்கு. அல்மன்ட் மட்டும் ஒரு தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மருந்து மணக்கும்.

இதெல்லாம் கூட்ட ஏறக்குறைய 4 கிலோ கலவை. வேகேக்குள்ள நீர் போய் 3.6 கிலோ ஆகும். நாலு ஓரத்தையும் சீவினால் விக்கக்கூடியது 3.3 கிலோ அளவில நிக்கும். நாலு சென்ரிமீற்றர் நீளம், இரண்டரை அகலமா வெட்டினால் 63 துண்டு, ஒரு துண்டு 50 கிராமுக்கு மேல கொஞ்சம்.

50 கிலோவுக்குப் பதினைஞ்சு தட்டம். ஒரு தட்டம் இரண்டரை மணித்தியாலம் வேகும், இடைவெளி அரை மணித்தியாலம். ஒரு நாளைக்கு மூண்டு தட்டம் போட்டால் ஐஞ்சு நாளில ஓவன் வேலை முடிஞ்சுது. ஆனால் ஒரு தட்டத்துக்குப் பழம் வெட்ட ஒண்டரை மணித்தியாலம், அடிச்சுக் கலக்க ஒரு மணித்தியாலம், 63 துண்டைச் சுத்த ஒண்டே கால் மணித்தியாலம். பதினைஞ்சால் பெருக்கிப் பாருங்கோ, 56 மணித்தியாலம் வரும். தனி ஆளா நிண்டால் 25 கிலோவோட நிப்பாட்டுங்கோ. பழம் வெட்ட ஒராளும் சுத்த ஒராளும் கூட இருந்தால் 50 பிடிக்கலாம்.

இப்ப களியைப் பற்றி. பெரும்பாலும் மூண்டு காரணம். முதலாவது, பாகில கிடந்த சௌ சௌவையும் இஞ்சியையும் வடிக்காமல் போடுறது. வெட்ட முதல் ஒரு மணித்தியாலம் அரிதட்டில வடிய விடுங்கோ. அந்தப் பாகை எறியாதேங்கோ, தேனுக்குப் பதிலாப் பாதி சேர்க்கலாம். இரண்டாவது, சூடு. சின்ன ஓவனில 180 பாகை செல்சியஸில வைச்சால் மேல் கறுத்து நடு பச்சையா நிக்கும். 150தான் உச்சம், 140 எண்டால் இன்னும் நல்லது. சூட்டுக் குமிழில எழுதியிருக்கிற இலக்கத்தை நம்பாமல் உள்ளே வைக்கிற வெப்பமானி ஒண்டு வாங்குங்கோ, இருபது முப்பது பாகை பிசகுறது வழமை. மூண்டாவது, கீழ்க் கம்பி. அது தட்டத்தின் அடியை நேரே சுடும். கீழ்த் தட்டில வெறும் தகட்டுத் தட்டம் ஒண்டை மறைப்பா வைச்சு, கேக்கை நடுத் தட்டில வையுங்கோ.

தட்டத்துக்கு உள்ளே மூண்டு மடிப்பு எண்ணெய்த்தாள், வெளியில நாலு மடிப்புப் பத்திரிகைத்தாள் சுத்திக் கட்டுறது எங்கட ஆக்களின்ர பழக்கம். பெரிய ஓவனுக்கு நல்லது. உங்கட ஓவனில கம்பி வெளியில தெரியுமெண்டால் பத்திரிகை தட்டத்தின்ர விளிம்புக்கு மேல ஒரு நூலும் நீட்டக் கூடாது, பக்கக் கம்பியில முட்டவும் கூடாது. பத்திப்பிடிச்ச இடங்கள் இருக்கு.

உதிருறதுக்குக் காரணம் ரவை. இளஞ்சூட்டில மணம் வரும் மட்டும் வறுக்க வேணும், நிறம் மாறக் கூடாது. இறக்கினவுடன, சூடு இருக்கேக்குள்ளயே பட்டரைப் போட்டுப் பிசைஞ்சு மூடி வையுங்கோ, ஒரு இரவு கிடந்தால் ரவை ஊதி நிக்கும். அவசரத்தில நேரே கலந்தால் ரவை பல்லில கடிபடும், கேக்கும் பிடிமானம் இல்லாமல் போகும். அடுத்த நாள் மஞ்சள்கருவையும் சீனியையும் வெளிறும் வரை அடிச்சு, அதில இந்த ரவைப் பட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்து, பிறகு பழம், கஜு, வாசனை, கடைசியில நுரைக்க அடிச்ச வெள்ளைக்கருவை மடிச்சு விடுங்கோ. வெள்ளைக்கரு போட்ட பிறகு சுத்திக் கலக்கினால் ஏறின காத்தெல்லாம் போயிடும்.

ஒண்டரை மணித்தியாலத்தில மேல் சிவந்தால் எண்ணெய்த்தாள் ஒண்டை மேல மூடி விடுங்கோ. இரண்டு மணித்தியாலத்தில ஈர்க்கு ஒண்டைக் கழுவித் துடைச்சு நடுவில குத்திப் பாருங்கோ. ரவைக் களி ஒட்டினால் வேகேல்ல. பழப் பாகு மட்டும் பிசுபிசுத்தால் வெந்திட்டுது, உடன எடுங்கோ. இன்னும் பத்து நிமிசம் எண்டு விட்டால்தான் அடுத்த கிழமை காய்ஞ்சு உதிரும்.

எடுத்த அண்டு வெட்டாதேங்கோ. தட்டத்தோடயே ஆற விட்டு, தாளில சுத்தி, இரண்டு நாள் கழிச்சு வெட்டுங்கோ. கத்தி நீளமா, கூரா இருக்க வேணும். ஒவ்வொரு வெட்டுக்கும் சுடுதண்ணியில தோய்ச்சு, துடைச்சு, ஒரே அமுக்கா அமுக்குங்கோ. வாள் மாதிரி அறுத்தால் கஜு இழுபட்டு ஓரம் பிய்யும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

விலை பற்றிய கேள்விக்கு மட்டும் என் பதில்.

வீட்டில் கேக் செய்து விற்பவர்கள் நட்டப்படும் இடம் ஒன்றுதான். 4 கிலோ கலவைக்கான செலவை நான்கால் வகுத்து ஒரு கிலோவின் அடக்கவிலை என்கிறார்கள். ஈர்க்கு சொன்னபடி விற்கக்கூடியது 3.3 கிலோ. ஆகவே 3.3 ஆல் வகுக்க வேண்டும். இந்த ஒரு பிழையிலேயே கிலோவுக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு செலவு கணக்கில் வராமல் போய்விடுகிறது.

பொருட்செலவோடு சேர்க்க வேண்டியவை: எண்ணெய்த்தாள், சுற்றும் தாள், பெட்டி, ஒட்டுச்சீட்டு, கொண்டு போய்க் கொடுக்கும் செலவு, மின்சாரம். மின்சாரத்துக்கு ஊகம் வேண்டாம். ஒரு தட்டம் வைக்கும் முன்னும் எடுத்த பின்னும் மானியைப் பாருங்கள். இந்த அளவு ஓவன் 150 பாகையில் இரண்டரை மணித்தியாலத்துக்கு இரண்டு அலகுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ எடுக்கும். பதினைந்து தட்டத்துக்கு முப்பது அலகு அளவில் வரும். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிமுறையில் ஏறுவதால், அந்த மாதக் கடைசி அலகுகளின் விலையைத்தான் கேக்கின் மீது போட வேண்டும், சராசரியை அல்ல.

அதன் பிறகு உங்கள் உழைப்பு. ஒரு தட்டத்துக்குக் கைவேலை மூன்றே முக்கால் மணித்தியாலம். உங்கள் பகுதியில் ஒரு நாள் கூலி என்னவோ அதை எட்டால் வகுத்து, மூன்றே முக்காலால் பெருக்கிச் சேருங்கள். இதைச் சேர்க்காதவர்கள் தை மாதம் பிறந்ததும் களைப்பை மட்டும் மிச்சமாக வைத்திருப்பார்கள். இவையெல்லாவற்றுக்கும் மேல்தான் இலாபம்.

சீவிய ஓரங்கள் தட்டத்துக்கு 300 கிராம் அளவில் வரும். அவற்றை எறியாமல் 250 கிராம் பொதியாகக் கட்டி, ஓரத்துண்டு என்று எழுதியே குறைந்த விலைக்குக் கொடுங்கள். முழுப்பெட்டி வாங்க முடியாத வீடுகள் விரும்பி வாங்கும், சுவையில் எந்தக் குறையும் இல்லை.

வாங்கும் காலம் முக்கியம். கஜு, சுல்தானா, செரி மூன்றையும் நவம்பர் நடுப்பகுதிக்குள் வாங்கி விடுங்கள். டிசெம்பர் பிறந்தால் யாழ் நகரக் கடைகளில் விலை ஏறும், முட்டையும் அப்படித்தான். கஜுவில் முழுப்பருப்பு வாங்குவது வீண், எப்படியும் நறுக்கத்தானே போகிறீர்கள். உடைந்த கஜு வாங்குங்கள், ஆனால் ஒன்றைக் கடித்துப் பார்த்து, காறல் இல்லாததை உறுதி செய்த பிறகே வாங்குங்கள். ஒரு பிடி காறல் கஜு நான்கு கிலோவையும் கெடுக்கும்.

அரைவாசிப் பணம் முன்கூட்டியே வாங்குங்கள். நவம்பர் 30க்குப் பிறகு ஓடர் எடுப்பதில்லை என்று முதலே சொல்லி விடுங்கள். சொந்தக்காரரிடமும் இதே விதிதான். ஒருவருக்குத் தளர்த்தினால் பத்துப்பேர் 20ஆம் திகதி வந்து நிற்பார்கள்.

ஒரு தட்டத்துக்கு ஆறு வெள்ளைக்கரு மிஞ்சும், பதினைந்து தட்டத்துக்குத் தொண்ணூறு. பட்டர் கேக் ஓடரும் எடுப்பீர்களானால் அதில் இரண்டொன்றைச் சேர்க்கலாம். வேகவைக்காத ஐசிங்குக்குப் பச்சை வெள்ளைக்கரு போடுவது விற்பனைக்கு ஆகாது.


குருநகர்க் குசினி எழுதியது:

ஈர்க்கு அக்கா, கணக்குப்பிள்ளை அண்ணை, இரண்டு பேருக்கும் நன்றி. 3.3 ஆல வகுக்கிற கணக்கு எனக்கு யோசனையிலயே வரேல்ல. 30 கிலோவோட நிப்பாட்டுறன்.

இன்னும் இரண்டு விசயம். கேக் இறக்கின உடன மேல பிரண்டி பூச வேணுமெண்டு சொல்லுகினம், சரியோ? மற்றது, அக்கம்பக்கத்தில சைவ வீடுகள் ஆறேழு, பெட்டி கேட்டிருக்கினம். அவைக்கு என்ன குடுக்கலாம்?


மாரிகாலம் எழுதியது:

பிரண்டி பூசுறதில எனக்கு ஈர்க்குவின்ர பதில் என்னவோ தெரியாது, நான் வேண்டாமெண்டுதான் சொல்லுவன். பிரண்டியில பாதிக்கு மேல தண்ணி. சாராயச் சத்து ஆவியாப் பறந்திடும், தண்ணி மேல் தோலில நிக்கும். வெயில் நாளில அது உலரும். மாரியில, காத்தே ஈரமா இருக்கேக்குள்ள உலராது. அந்த ஈரத் தோலைத் தாளில சுத்தினால் பூஞ்சணத்துக்கு வேற என்ன வேணும்? பிரண்டியைப் பழத்தில ஊற விடுங்கோ. இரண்டு கிழமை போத்தலில ஊறின பழம் உள்ளயிருந்து கேக்கைக் காப்பாத்தும்.

ஊற வைக்கிறதிலும் ஒரு கவனம். சுல்தானாவையும் பிளம்ஸையும் கழுவத்தான் வேணும், காம்பும் மணலும் இருக்கும். ஆனால் கழுவின ஈரத்தோட போத்தலில போட்டால் புளிச்சு நுரைக்கும். வெயிலை நம்ப ஏலாத காலம். துணியில பரப்பி மின்விசிறிக்குக் கீழ ஒரு இரவு விடுங்கோ, இல்லாட்டி ஓவனை 60 பாகையில வைச்சுக் கதவைக் கொஞ்சம் திறந்து அரை மணித்தியாலம் உலர்த்துங்கோ.

பூசணித் தோசி கடையில வாங்கினால் வெட்டிப் பாருங்கோ. நடுவில சீனி ஏறாமல் வெள்ளையாச் சதை தெரிஞ்சால் அது கேக்குக்குள்ள தண்ணி விடும். வீட்டில செய்யிறதெண்டால் நீற்றுப்பூசணியைத் தோல், விதை, பஞ்சு நீக்கி ஒரு அங்குலத் துண்டா வெட்டி, முள்ளுக்கரண்டியால குத்தி, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பு கரைச்சுத் தெளிஞ்ச தண்ணியில நாலு மணித்தியாலம் போடுங்கோ. நாலைஞ்சு தண்ணியில அலசி, கண்ணாடி மாதிரி வரும் வரை அவிச்சு, துண்டின்ர நிறைக்குச் சமனான சீனிப் பாகில வத்த விடுங்கோ. பாகு நூல் பதத்துக்கு வந்து துண்டில ஒட்டிக்கொள்ள வேணும். சுண்ணாம்பை நல்லா அலசாட்டி நாக்குப் பொத்துப்போகும்.

சுத்துறது: வெட்டின துண்டை உடன சுத்தாதேங்கோ. சுத்தமான அறையில, மெல்லிய துணி போட்டு இரண்டு மணித்தியாலம் முகம் உலர விடுங்கோ. கையுறை போடுங்கோ, பூஞ்சணம் பாதி நேரம் கையாலதான் வருது. உள்ளே எண்ணெய்த்தாள், வெளியில நிறச் செலபன். பெட்டி மட்டைப்பெட்டியா இருக்கட்டும். பிளாஸ்ரிக் பெட்டியில இறுக்கி மூடினால் உள்ளேயே வேர்க்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள்ள வைக்கவும் வேண்டாம், வெளியில எடுத்தவுடன தாளுக்குள்ள பனி பிடிக்கும்.

ஒழுங்காச் செய்தால் வெட்டாத கேக் தாளில சுத்தி ஒரு மாதம் தாராளமா நிக்கும். வெட்டிச் சுத்தினதுக்கு இரண்டு கிழமை எண்டு சீட்டில போடுங்கோ, அதுக்கு மேல நிண்டாலும் போடாதேங்கோ. அதனால சுடுறதை டிசெம்பர் 8 தொடக்கம் 13க்குள்ள முடிச்சு, வெட்டிச் சுத்துறதை 17 தொடக்கம் வையுங்கோ.

கரண்ட் போனால்: முதல் முக்கால் மணித்தியாலத்துக்குள்ள போனால்தான் பயம், அப்ப கேக் இன்னும் இறுகியிராது. கதவைத் திறக்காதேங்கோ. இருபது நிமிசத்தில வந்தால் அந்த நேரத்தைக் கூட்டிக் கொடுத்தால் சரி. ஒரு மணித்தியாலம் கடந்தால் நடு அமர்ந்திடும், அதை ஓரத்துண்டுக் கணக்கிலதான் விக்கலாம். பெருமழை, தாழமுக்கம் எண்டு வானிலை சொல்லுற நாளில தட்டம் வைக்காமல் பழம் வெட்டுற வேலையைப் பாருங்கோ.


சுன்னாகத்துச் சந்தை எழுதியது:

சைவ வீடுகளைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. இங்கே நத்தார் வரும் நாட்கள் விரத நாட்களோடு மோதும். கார்த்திகைப் பூரணைக்கு அடுத்த நாள் தொடங்கி 21 நாள் பிள்ளையார் பெருங்கதை விரதம். அதன் வாலில் திருவெம்பாவை பத்து நாள், திருவாதிரை வரை. திதி, நட்சத்திரக் கணக்கு என்பதால் ஒரு வருடம் 25ஆம் திகதிக்கு முன்னே முடியும், ஒரு வருடம் தாண்டிப் போகும். பஞ்சாங்கத்தைப் பார்த்து, விரதம் முடிகிற நாளுக்குப் பிறகு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களுக்கும் சங்கடமில்லை. முட்டை சாப்பிடும் வீடு என்றால் ரிச் கேக்கே போதும், அது காத்திருக்கும்.

முட்டையே தொடாத வீட்டுக்கு வேறு கேக்தான் செய்ய வேண்டும். பழவகை 400 கிராமை 150 மில்லிலீற்றர் தோடம்பழச் சாற்றில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். பட்டர் 125 கிராமோடு சீனி சேர்ந்த டின்பால் ஒரு டின் அடித்து, கோதுமை மா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி மூன்றையும் சேர்த்து அரித்துப் போடுங்கள். பழத்தையும் சாற்றையும் ஊற்றிக் கலந்து, கடைசியில் வினாகிரி ஒரு தேக்கரண்டி. உடனே தட்டத்தில் ஊற்றி 160 பாகையில் ஒரு மணித்தியாலம் சுடுங்கள். வினாகிரி போட்ட பிறகு கலவையைக் காத்திருக்க விட்டால் எழும்பாது. இது நான்கைந்து நாளுக்கு மேல் நிற்காது, ஆகவே கொடுப்பதற்கு முதல் நாள் சுடுங்கள். பிரண்டி சேர்க்க வேண்டாம். முட்டை அடித்த பாத்திரத்தையும் அகப்பையையும் இதற்கு எடுக்க வேண்டாம். கேட்டு வாங்குகிறவர்கள் அந்த நம்பிக்கையில்தான் வாங்குகிறார்கள்.

விற்பனை என்று வந்துவிட்டால் ஒட்டுச்சீட்டு ஒழுங்காக இருக்க வேண்டும். பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, விலை, உங்கள் முகவரி. கஜு, பால், முட்டை, கோதுமை, மதுசாரம் இருப்பதைத் தனியே தெரியும்படி எழுதுங்கள். பட்டருக்குப் பதில் மாஜரின் போட்டால் மாஜரின் என்றே எழுதுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே போய்க் கேட்டு, குசினியையும் காட்டி விடுங்கள். மாநகர சபை அனுமதி தேவையா என்பதையும் அங்கேயே அறியலாம். நிறுத்து விற்பதென்றால் தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். துண்டுக் கணக்கில் 20, 40 என்று பெட்டி போடுவது வசதி, வாங்குகிறவர்களும் எண்ணித்தான் கேட்பார்கள்.


பாசையூர் வாசி எழுதியது:

குடுக்கிற வேலையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. வெளிநாட்டு ஓடருக்கு மூண்டு விசயம் முதலே எழுதி வாங்குங்கோ. இங்க வாங்குகிற ஆளின்ர தொலைபேசி இலக்கம், வீட்டு அடையாளம், எந்த நேரம் வீட்டில இருப்பினம். ஒழுங்கை இலக்கம் மட்டும் வைச்சு வீடு தேடேலாது. கோயில், பள்ளிக்கூடம், கடை ஏதாவது ஒரு அடையாளம் வேணும். குடுத்தவுடன பெட்டியைப் படம் எடுத்து ஓடர் தந்த ஆளுக்கு அனுப்பி விடுங்கோ, மிச்சப் பணமும் அண்டைக்கே வந்திடும்.

கொழும்புக்குப் போற பெட்டியை 20ஆம் திகதிக்குள்ள இரவு பஸ்ஸில ஏத்துங்கோ. பிறகு நத்தார்ச் சனம், பொதி எல்லாம் சேர்ந்து நசிக்கும். துண்டுகளை இரண்டு அடுக்குக்கு மேல அடுக்காமல், நடுவில மட்டை ஒண்டு வைச்சு, மேலே மிஞ்சின இடத்தைக் கசக்கின தாளால நிரப்பி இறுக்குங்கோ. ஆடினால் ஓரம் உதிரும். வெளியில பொலித்தீன் உறை ஒண்டு மழைக்கு, வாங்குறவை எடுத்தவுடன அதைக் கழட்டச் சொல்லுங்கோ.

ஊருக்குள்ள குடுக்கிறதை 22, 23 இரண்டு நாளுக்குள்ள முடியுங்கோ. 22இல பண்டத்தரிப்பு, இளவாலை, சில்லாலைப் பக்கம் ஒரே ஓட்டம். 23இல குருநகர், பாசையூர், நாவாந்துறை, பிரதான வீதிப் பக்கம். 24ஐ வெறுமனே விடுங்கோ. அண்டு பின்னேரம் நகரத்துக்குள்ள ஓட்டோ பிடிக்கேலாது, நவீன சந்தைப் பக்கம் கடைசி நேர உடுப்புச் சனம், இரவு திருப்பலிக்கு எல்லாரும் வெளிக்கிட்டிடுவினம். வீடு பூட்டிக் கிடக்கும், பெட்டியோட படலையில நிக்க வேண்டி வரும். அந்த நாளைத் தவறிப்போன இரண்டு மூண்டு பெட்டிக்கெண்டு மட்டும் வைச்சிருங்கோ.

பெட்டியின்ர மூடியில பெயரை எழுதாமல் பக்கத்தில எழுதுங்கோ. அடுக்கி வைச்ச பிறகு மேல் எழுத்துத் தெரியாது, ஒவ்வொரு வீட்டு வாசலிலயும் மழைக்குள்ள எல்லாத்தையும் இறக்கி ஏத்த வேண்டி வரும்.